பிளஸ் டூவுக்குப் பின்: படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

பிளஸ் டூ தேர்வு முடிவு மே மாதத்தில் வருகிறது. அடுத்த சில வாரங்களுக்குள் மூன்றிலிருந்து ஐந்தாண்டு நீளும் ஒரு படிப்பை முடிவுசெய்தாக வேண்டும். சென்னையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றின் சேர்க்கை நடக்கும் வரிசைதான் பல குடும்பங்களைக் குழப்புகிறது. கலை அறிவியல் கல்லூரிகள் முதலில் விண்ணப்பம் வாங்கி, முதலில் இடங்களை நிரப்பிவிடுகின்றன. பொறியியல் கலந்தாய்வு ஜூலையை ஒட்டித் தொடங்கும். மருத்துவக் கலந்தாய்வு அதற்கும் பிந்தியது. ஜூன் மாதம் பி.காம். இடத்துக்குப் பணம் கட்டிவிட்டு, ஆகஸ்டில் பொறியியலுக்கு மாறி, அங்கிருந்தபடியே மருத்துவ இடத்துக்குக் காத்திருப்பது மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் சாதாரணமாகிவிட்டது. இந்தப் போக்கில் கடைசியாக எந்த இடம் கையில் நிற்கிறதோ அதுவே படிப்பாகிவிடுகிறது. தேர்ந்தெடுத்தல் என்பதே நடப்பதில்லை. பொதுத்தேர்வு முடிந்து ரிசல்ட் வரும்வரை உள்ள ஏப்ரல் மாதம் இதற்கென்றே வாய்த்த காலம். எந்தப் படிப்பு என்ற கேள்விக்கு இரண்டு மூன்று பதில்களை அப்போதே வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டால், பிறகு வரும் ஒவ்வொரு இடத்தையும் அந்த வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குரூப்பும் கட்-ஆஃபும்

பதினொன்றாம் வகுப்பில் எடுத்த குரூப் சில வழிகளைத் திறந்தும் சிலவற்றை மூடியும் வைத்திருக்கும். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் படித்தவருக்குப் பொறியியல், மருத்துவம் இரண்டுமே திறந்திருக்கும். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் எடுத்தவர் மருத்துவம் சார்ந்த பெரும்பாலான படிப்புகளுக்குப் போக முடியாது. கணிதம் இல்லாத அறிவியல் குரூப்பில் படித்தவருக்கு பி.எஸ்சி. கணிதம், இயற்பியல் போன்றவை கிடைப்பது கடினம். வணிகவியல் குரூப்பில் படித்தவர் பி.சி.ஏ. சேர விரும்பினால், வணிகக் கணிதமோ கணினிப் பயன்பாடோ படித்திருக்க வேண்டுமென்று கேட்கும் கல்லூரிகள் உண்டு. தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல், உளவியல், காட்சித் தொடர்பியல், ஐந்தாண்டுச் சட்டப்படிப்பு ஆகியவற்றுக்கு எந்த குரூப்பிலிருந்தும் வரலாம். அறிவியல் குரூப்பிலிருந்து பி.காம். வருபவர் கணக்குப்பதிவியலை முதல் செமஸ்டரில்தான் முதன்முதலாகப் பார்ப்பார். உடன் படிப்பவர்களுக்கு அது இரண்டாண்டு பழக்கம் என்பதால், விடுமுறையிலேயே பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது உதவும்.

பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் அப்படியே 100-க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்தவருடைய கட்-ஆஃப் 92, 42, 44 சேர்ந்து 178. தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத்தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து இல்லை. பள்ளி மதிப்பெண் மட்டுமே கணக்கு. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., சித்தா, ஆயுர்வேதம் ஆகியவற்றுக்கு நீட் கட்டாயம். கால்நடை மருத்துவம், வேளாண்மை ஆகியவற்றின் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டுவருகின்றன. நீட் மதிப்பெண் குறைந்ததும் உயிரியலையே விட்டுவிட நினைப்பவர்கள் வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம். கட்டடக்கலைக்கு நாட்டா அல்லது ஜே.இ.இ. இரண்டாம் தாள் வேண்டும். திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் வேண்டும். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும். இத்தகைய நுழைவுத்தேர்வுகளுக்கான பதிவு பெரும்பாலும் பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடுவதால், பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதிலிருந்தே கவனித்துவர வேண்டும்.

மதிப்பெண் வீணாகுமா?

195 கட்-ஆஃப் வைத்திருக்கும் மாணவி கணிதமோ வரலாறோ படிக்கப்போவதாகச் சொன்னால், "இவ்வளவு மார்க் வாங்கிட்டு வீணாக்கப்போறியா?" என்ற கேள்வி வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் தவறாமல் வருகிறது. படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் தீங்கு செய்யும் கேள்வி இதுதான். எந்தெந்த இடங்களைக் கேட்கலாம் என்பதை மட்டுமே கட்-ஆஃப் சொல்கிறது. எதைப் படித்தால் அந்த மாணவியால் நாள்தோறும் மனமொன்றி உழைக்க முடியும் என்பதற்கு அதில் விடையில்லை. அதிக கட்-ஆஃப் உள்ள படிப்பு உயர்ந்தது என்ற எண்ணமும் தேவையையும் வழங்கலையும் தரத்தோடு குழப்பிக்கொள்வதால் வருவது. அந்த ஆண்டு எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை இடம் இருந்தது என்ற கணக்கிலிருந்து பிறப்பதுதான் கட்-ஆஃப்.

இந்த இழுபறி புதிதுமல்ல. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து 1925-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகருக்குக் கணிதத்தில்தான் நாட்டம். மகன் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். இருவருக்கும் நடுவழியாக அவர் இயற்பியல் ஹானர்ஸ் எடுத்தார். கணித வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்தார். 1930-இல் பட்டம் பெற்று கேம்பிரிட்ஜ் போனார். விண்மீன்களின் அமைப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1983-இல் நோபல் பரிசு பெற்றார். ஒருவருக்கு நோபல் கிடைத்ததால் எல்லோரும் இயற்பியல் படிக்க வேண்டும் என்பதில்லை. வீட்டின் கவலையையும் மாணவரின் நாட்டத்தையும் ஒரே படிப்பில் இணைக்க வழியுண்டு என்பதே இதில் கவனிக்க வேண்டியது. பெற்றோர் கேட்பது பெரும்பாலும் வருமான உறுதி. அதற்கு எந்தப் படிப்பிலிருந்து எத்தனையாவது ஆண்டில் என்ன வேலை என்று விவரமாகப் பதில் சொன்னால் பேச்சு வேறு தளத்துக்கு நகரும்.

நாட்டம் உண்மையானதா என்று சோதிக்க எளிய வழி பாடத்திட்டத்தைப் படித்துப் பார்ப்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் தன்னாட்சிக் கல்லூரிகளின் தளங்களிலும் ஆறு செமஸ்டருக்கும் பாடத்தலைப்புகள் கிடைக்கின்றன. முதலாண்டைவிட மூன்றாமாண்டுத் தாள்களைப் பார்ப்பதே முக்கியம். படிப்பின் உண்மையான முகம் அங்கேதான் தெரியும். உளவியல் என்றால் மனிதர்களோடு பேசுவது என்று நினைத்துச் சேர்பவருக்குப் புள்ளியியலும் சோதனை ஆய்வும் காத்திருக்கின்றன. கணினி அறிவியலில் மொபைல் செயலி செய்வதற்கு முன் தனிநிலைக் கணிதமும் தரவுக் கட்டமைப்புகளும் உண்டு. நுண்ணுயிரியலில் பிற்பகல்கள் ஆய்வகத்தில் நின்றபடியே கழியும். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, விடை தெரியாவிட்டாலும் அந்தக் கேள்விகள் ஆர்வத்தைத் தூண்டுகின்றனவா என்று பார்க்கலாம். அதே படிப்பின் இறுதியாண்டு மாணவர் ஒருவரோடு அரைமணி நேரம் பேசுவது எந்த ஆலோசனை முகாமையும்விடப் பயன்தரும்.

அடுத்ததாக ஆண்டுக் கணக்கு. பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. மூன்றாண்டு, பொறியியல் நான்கு, சட்டமும் கட்டடக்கலையும் ஐந்து, எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை. இவை சான்றிதழில் இருக்கும் ஆண்டுகள். சொந்தக் காலில் நிற்கத் தேவைப்படும் ஆண்டுகள் வேறு. மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக விரும்புபவர் பட்டம், முதுகலை, பி.எட். மூன்றையும் சேர்த்து ஏழாண்டு ஒதுக்க வேண்டும். உயிரித் தொழில்நுட்பத்தில் வெறும் பி.எஸ்சி.யோடு வேலை கிடைப்பது அரிது; முதுகலை, பலருக்கு ஆய்வுப் பட்டம்வரை தேவைப்படும். மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்கும் தகுதி வேண்டும். இளங்கலைப் பட்டம் அதற்கு முதற்படி மட்டுமே. வீட்டில் சம்பாதிப்பவர் ஓய்வுபெற எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். அதை மாணவரிடம் மறைக்காமல் சொல்லிவிடும் குடும்பங்களில் முடிவு தெளிவாகவே அமைகிறது.

பி.காம்.: ஒரே பெயர், பல பட்டங்கள்

தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் கலை அறிவியல் இடங்களில் கடும் போட்டி பி.காம்.-க்குத்தான். தியாகராய நகர், மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் தெருக்களில் நிறைந்திருக்கும் ஆடிட்டர் அலுவலகங்களும் வங்கிகளும் கடைகளும் இதற்கு ஒரு காரணம். பொது பி.காம்., நிறுமச் செயலாண்மை, கணக்கியலும் நிதியும், வங்கி மேலாண்மை, கணினிப் பயன்பாடு, ஹானர்ஸ் என்று பட்டத்துக்குப் பல பிரிவுகள். நிதிக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், வருமான வரி ஆகியவை இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொது. வேறுபாடு சில தாள்களில்தான். விரும்பிய பிரிவு கிடைக்கவில்லையென்று நல்ல கல்லூரியை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் அரசுப் பணிக்கோ ஆசிரியர் பணிக்கோ போக எண்ணுபவர் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். சிறப்புப் பெயர் கொண்ட பட்டங்கள் மூலப் பாடப் பட்டத்துக்கு இணையானவையா என்பதை உயர்கல்வித் துறை அரசாணை மூலம் அறிவிக்கிறது. இணையில்லை என்றானால் பட்டம் இருந்தும் விண்ணப்பம் தள்ளுபடியாகும். வணிகவியலுக்கு மட்டுமல்லாமல் புதுப்பெயர் சூட்டிய அறிவியல் பட்டங்களுக்கும் இது பொருந்தும். தேர்வு வாரியத்தின் படிக்கட்டு வரை போய் இதைத் தெரிந்துகொள்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். சேரும் நாளிலேயே துறைத்தலைவரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

சி.ஏ. படிக்க விரும்புபவருக்கு இரண்டு வழிகள். பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் எழுதலாம்: நான்கு தாள், மொத்தம் 400, ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 200 எடுத்தால் தேர்ச்சி. 2024 முதல் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. அல்லது வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்று, ஃபவுண்டேஷனைத் தாண்டி நேரடியாக இன்டர்மீடியட் பதிவுசெய்யலாம்; மற்ற பட்டதாரிகளுக்கு 60 விழுக்காடு வேண்டும். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்தது. கல்லூரி நேரமும் பயிற்சி நேரமும் மோதக் கூடாது என்ற விதி இருப்பதால், பட்டப்படிப்புக் காலத்தில் ஃபவுண்டேஷனையும் இன்டரையும் முடித்து, பட்டம் வாங்கியபின் ஆர்ட்டிகிள்ஷிப் தொடங்குவது உடம்புக்கும் மனத்துக்கும் தாங்கும் திட்டம். இன்டரில் ஒருமுறை தோற்றதும் பி.காம். வகுப்பையும் அலட்சியப்படுத்தி இரண்டிலும் அரியர் வைப்பவர்கள் உண்டு. பட்டத்தை எந்த நிலையிலும் விட்டுவிடக் கூடாது.

காலை ஷிப்ட், மாலை ஷிப்ட்

சென்னைக் கல்லூரிகளைப் பற்றி வெளியூர்க்காரருக்கு எளிதில் புரியாத ஒன்று ஷிப்ட் முறை. லயோலா (1925), எத்திராஜ் (1948) போன்ற அரசு உதவிபெறும் கல்லூரிகளின் ஒரே வளாகத்தில் இரண்டு கல்லூரிகள் நடப்பதுபோல இருக்கும். உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் அது பலமடங்கு. வகுப்பும் பெரும்பாலும் பிற்பகலில் தொடங்கும். பட்டத்தில் வேறுபாடு இல்லை. ஆகவே விண்ணப்பத்தில் கல்லூரிப் பெயரோடு எந்தப் பிரிவு, எந்த ஷிப்ட் என்பதையும் பார்த்துத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். காலை ஷிப்ட் மாணவருக்குப் பிற்பகல் முழுவதும் கிடைக்கிறது, சி.ஏ. வகுப்போ பகுதிநேர வேலையோ அதில் அமையும்.

அரசுக் கல்லூரிகளை இரண்டாம்தரமாக எண்ணும் பழக்கம் தென்சென்னை நடுத்தரக் குடும்பங்களில் இன்னும் போகவில்லை. கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரி (1840), ராணி மேரி கல்லூரி (1914), அண்ணா சாலையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி (1974), நந்தனத்தில் அரசு கலைக் கல்லூரி ஆகியவை ஒரே இணையவழி விண்ணப்பத்தில் அடங்கும். கட்டணம் மிகக் குறைவு. அடிப்படை அறிவியலிலும் மொழிப் பாடங்களிலும் அனுபவமிக்க துறைகள் இங்கே உள்ளன. செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே மாநிலக் கல்லூரியில் பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன; தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் மாணவர்கள் இதற்காக வருகிறார்கள்.

பயண நேரமும் படிப்பின் பகுதிதான். வேளச்சேரியிலிருந்து திருவான்மியூர், மந்தைவெளி, திருமயிலை வழியாகச் சேப்பாக்கம் போகும் பறக்கும் ரயில் கடற்கரைச் சாலைக் கல்லூரிகளுக்கு மாணவர்களைக் கொண்டுசேர்க்கிறது. பெசன்ட் நகருக்கும் பெரம்பூருக்கும் இடையே ஓடும் 29சி பேருந்து அடையாறு, மயிலாப்பூர் வழியாகக் கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸ் வாசலைக் கடந்து நுங்கம்பாக்கம் போகிறது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. புறநகர்ப் பொறியியல் கல்லூரிக்குப் போகவர நாளுக்கு மூன்று மணி நேரம் கல்லூரிப் பேருந்தில் கழிகிறதென்றால், வீட்டுக்குப் பக்கத்தில் அதே தரத்துக் கல்லூரி இருக்கையில் அந்த இடத்தை எடுப்பதில் நியாயமில்லை.

பொறியியல்: கிளையா, கல்லூரியா?

அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகளான கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகியவற்றில் இடம் கிடைத்தால் கிளையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இயந்திரவியல், மின்னியல், வேதிப் பொறியியல் எதுவானாலும் ஆசிரியரும் ஆய்வகமும் நிறுவனங்களின் வருகையும் அங்கே உண்டு. அதற்குக் கீழே இறங்க இறங்கக் கல்லூரியின் தரமே முடிவுசெய்யும். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்ற பெயர்களுக்காகத் தேர்ச்சி விகிதம் மோசமான கல்லூரிக்குப் போவதைவிட, நல்ல கல்லூரியில் மின்னணுவியல் படிப்பது மேல். புதுப்பெயர்க் கிளைகளின் தொடக்கச் செமஸ்டர்களில் கணினிப் பொறியியலின் பாடங்களே பெரும்பகுதி. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. விளம்பரப் பலகைக்கு முன் அதைப் பார்க்க வேண்டும். கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை நிரப்பும்போது உண்மையான விருப்ப வரிசையிலேயே நிரப்ப வேண்டும். 'கிடைக்காது' என்று எண்ணி மேலே இருக்க வேண்டியதைக் கீழே வைப்பவர், தரவரிசை இருந்தும் அந்த இடத்தை இழக்கிறார்.

கிண்டியை ஒட்டி இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யின் பி.டெக். இடத்துக்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வேண்டும். ஆனால் 2020-இல் அறிவிக்கப்பட்ட தரவு அறிவியல் இணையவழிப் பட்டத்துக்கு அது தேவையில்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அனுமதித்ததால், பி.காம்.மோ பி.எஸ்சி.யோ படித்துக்கொண்டே பலர் இதைத் தொடர்கிறார்கள். வேலைப்பளு உண்மையில் கனமானது. வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு.

அதிகம் பேர் விண்ணப்பிக்காத நல்ல இடங்கள் தென்சென்னையிலேயே இருக்கின்றன. தரமணியில் மட்டும் மத்திய பாலிடெக்னிக், அச்சுத் தொழில்நுட்பப் பயிலகம், உணவக மேலாண்மைக் கல்விக்கூடம், ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட், எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்விக்கூடம் ஆகியவை அருகருகே இருக்கின்றன. அறிவியல் குரூப் அல்லது தொழிற்பிரிவில் பிளஸ் டூ முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாமாண்டு சேரலாம். அதை முடித்துப் பொறியியலிலும் இரண்டாமாண்டு சேரலாம். இசைக்கு கிரீன்வேஸ் சாலையில் அரசு இசைக் கல்லூரியும், நடனத்துக்குத் திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவும், ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் எழும்பூரில் 1850-இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரியும் உள்ளன.

பணமும் சான்றிதழும்

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வு வழிச் சேர்க்கையில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் ஏப்ரலுக்குள் வாங்கிவைப்பது அவசியம். ரிசல்ட் வந்தபின் தாலுகா அலுவலகங்களில் கூட்டம் தாங்காது.

ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாதவருக்கும் ஆண்டு வீணாவதில்லை. துணைத்தேர்வு ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே நடக்கிறது. அதில் தேறியவர்கள் காலியிடம் உள்ள கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் அதே ஆண்டு சேர்கிறார்கள். வேலைக்குப் போக வேண்டியவருக்குச் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வி நிறுவனமும் சைதாப்பேட்டையில் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. சேர்ந்தபின் வேறு கல்லூரிக்கு மாற நேர்ந்தால், மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பதும், குறித்த காலத்துக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்பதும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள். விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும்.